கீறலில் ஓடும் நீருக்கு எந்த மாடல்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பல்லாவரத்தில் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு வீடுகளுக்குப் போர் போட்டார்கள். நடுவில் ஒரு மதில் சுவர்தான். துளைக்கும் துளைக்கும் 30 அடி இருக்கும். முதல் வீட்டில் 140 அடியில் ஊற்று அடித்தது, எதிர் வீட்டு மாடி வரை சேறு தெறித்தது. இரண்டாவது வீட்டில் 400 அடி போயும் சாம்பல் நிறத் தூள்தான் பறந்தது. போர் வண்டிக்காரர் கடைசி ராடைக் கழற்றிக்கொண்டே, "கல்லு நல்ல கல்லு சார், கீறலே இல்ல" என்றார். வீட்டுக்காரருக்கு அது பாராட்டாகப் படவில்லை.

அந்த நல்ல கல்லுக்குப் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கும் கல்லும் நம் பரங்கிமலை, பல்லாவரம் பாறையும் ஒரே வகை என்பதால், 1893இல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. பெசன்ட் நகர் மணலில் எங்கே ஒரு வாளி அள்ளினாலும் மணலும் இடுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும். பல்லாவரத்தில் அப்படி இல்லை. பாறையின் உடம்பில் நீர் தங்க இடமே கிடையாது என்று சொல்லிவிடலாம். இருப்பதெல்லாம் மேலே மக்கிய மண்டலத்திலும் கீழே வெடிப்புகளிலும்தான். பெட்ரோலியப் பொறியாளர்களுக்கும் இதே தலைவலிதான், அவர்கள் தேடுவது எண்ணெய் என்பதைத் தவிர.

அண்மையில் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வந்தார்கள். கிண்டியில் எம்.டெக். படிக்கும் ஒரு தம்பி, செப்டிக் டேங்க் கழிவு கிணற்றுக்கு எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடுகிறார். நிலத்தடி நீர் ஆலோசனை செய்யும் ஒரு நண்பர், கைவிட்ட கல்குவாரியில் பம்ப் வைத்தால் சுற்றியுள்ள கிணறுகள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய் வேலையில் இருக்கும், என்னிடம் முன்பு பயிற்சி எடுத்த ஒரு பெண், காவிரிப் படுகையின் அடிப்பாறையோடு மல்லுக்கட்டுகிறார். மூவரும் கேட்டது: வெடிப்புள்ள பாறையில் நீரோ எண்ணெயோ ஓடுவதைக் கணினியில் கணக்கிட எந்த மாடலை எடுப்பது?

## முதலில் அளவுகோல்கள்

சாஃப்ட்வேரின் பெயரில் தொடங்கினால் வழி தவறிவிடும். நான் கேட்டுக்கொள்ளும் முதல் விஷயம், எதற்குப் பதில் வேண்டும் என்பது. "எவ்வளவு" என்பது ஒரு ரகம்: இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு எவ்வளவு நீர் எடுக்கலாம்? "எத்தனை நாளில்" என்பது இன்னொரு ரகம்: கழிவு எப்போது வரும், செலுத்திய நீர் எண்ணெய்க் கிணற்றில் எப்போது தலைகாட்டும்? "எந்த வழியாக" என்பது மூன்றாவது: அடுத்த துளை எங்கே, சுரங்கத்தின் எந்தப் பக்கம் ஒழுகும்? முதல் ரகத்துக்கு நன்றாக உழைக்கும் மாடல் மூன்றாவதற்கு வாயே திறக்காது. நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை, ஒரு கேள்விக்குக் கட்டிய மாடலை வேறொரு கேள்விக்கு இழுத்ததால் வந்தவை.

அடுத்தது, சரக்கு எங்கே இருக்கிறது என்பது. வட கடலில் நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலில் சுண்ணக்கல்லின் துளைமை (கல்லின் கனஅளவில் காலி இடத்தின் பங்கு) 30 சதவீதத்தைத் தாண்டும் அடுக்குகள் உண்டு. அங்கே எண்ணெய் கல்லுக்குள் இருக்கிறது, வெடிப்பு வெறும் சாலை. வியட்நாமின் வெள்ளைப் புலி வயலில் 1988இல் கிரானைட் அடிப்பாறையிலிருந்து எண்ணெய் வந்தது. அங்கே வெடிப்பே சாலை, வெடிப்பே கிடங்கு. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டால் ஏதாவது ஒன்றில் கணக்கு கவிழும்.

மூன்றாவது, பரப்பு. உங்கள் கேள்வியின் நீள அகலம் வெடிப்புகளின் இடைவெளியைப் போலப் பல மடங்கு பெரியதா? ஒரு மாவட்டத்தின் நீர் இருப்பு என்றால் ஆம். 30 அடி தள்ளி இருக்கும் பக்கத்து வீட்டுப் போர் என்றால் இல்லவே இல்லை.

நான்காவது, கையில் இருக்கும் டேட்டா. இதில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் எல்லோரும் வழுக்கும் இடம் இது. பெரும்பாலான போர்களுக்கு நம் ஊரில் இருக்கும் ஆவணம் வண்டிக்காரரின் நோட்டுப் புத்தகம்தான்: எத்தனை அடி கேசிங், எத்தனை அடியில் ஈரம், எத்தனையில் ஊற்று, கம்ப்ரசரில் எத்தனை இஞ்ச் நீர். அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். பாறையை ராடின் அதிர்விலேயே படிப்பவர் அவர். ஆனால் ஒரு செங்குத்துத் துளையில் செங்குத்து வெடிப்பு மாட்டுவது அபூர்வம். காற்றில்லாமல் நேராக விழும் மழையில் சுவர் நனையாதது போலத்தான். இந்தச் சாய்வுக் குறைக்கு 1965இல் ருத் டெர்சாகி ஒரு திருத்தம் சொன்னார்: துளைக்கும் வெடிப்புக்கும் இடையே கோணம் குறையக் குறைய அந்த வெடிப்புக்கு எடை கூட்டு. சரி, ஆனால் ஒன்றுகூட மாட்டாத வெடிப்புக் குடும்பத்துக்கு எந்த எடையைக் கூட்டுவது? அதனால் துளைக்குள் எடுத்த படப்பதிவு இருந்தாலும், பக்கத்தில் ஒரு குவாரிச் சுவர் இருந்தால் ஒரு நாள் அங்கே போய் நின்று பார்ப்பது பெரிய உதவி. திரிசூலம் பக்கத்துப் பழைய வெட்டுகளில் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். நூறு கீறல் கண்ணுக்குத் தெரியும். அவற்றில் கசிந்து பாசி படிந்திருப்பவை சிலதான்.

ஐந்தாவது, நேரமும் பணமும், அப்புறம் உங்கள் மாடலை யார் சரிபார்ப்பார் என்பதும். அதை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே சொல்கிறேன்.

## ஒரு தலைமுடி அகலம்

நான்கு வழிகளுக்கும் பொதுவான ஒரு கணக்கைப் போட்டுவிட்டு மேலே போகலாம். இரண்டு வழவழப்பான தட்டுகளுக்கு நடுவே ஓடும் நீர், இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் நீர் எட்டு மடங்கு. அதாவது 0.2 மி.மீ. வாய் உள்ள ஒரே வெடிப்பு, 0.1 மி.மீ. வாய் உள்ள எட்டு வெடிப்புகளுக்குச் சமம்.

0.1 மி.மீ. என்பது ஒரு தடித்த தலைமுடி. ஒரு மீட்டருக்கு ஒன்று வீதம் அப்படிப்பட்ட வெடிப்பு இருந்தால், மொத்தப் பாறையின் நீர் கடத்தும் திறன் நாளைக்கு 0.07 மீட்டர் என்று வரும். வண்டல் கலந்த நுண்மணலுக்கு நிகர். ஆனால் வெடிப்பில் தங்கும் நீரின் பங்கு பாறையின் கனஅளவில் பத்தாயிரத்தில் ஒன்று மட்டுமே. கடத்துவது மண்ணைப் போல, சேமிப்பதோ ஒன்றுமில்லாதது போல. நிஜ வெடிப்பின் சுவர்கள் சொரசொரப்பானவை, அங்கங்கே ஒட்டிக்கொண்டும் இருக்கும். அதனால் அளவுகோலில் தெரியும் வாயைவிட நீர் உணரும் வாய் சிறியது. அந்த வித்தியாசமும் மூன்றாம் அடுக்கில்தான் பெருகும். கீழே வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான்.

## வழி ஒன்று: ஒற்றை ஊடகம்

வெடிப்பையும் பாறையையும் பிரிக்காமல், எல்லாம் சேர்ந்து ஒரு மணல் மாதிரி நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வது. நிலத்தடி நீர்க்காரர்கள் இலவசமாகக் கிடைக்கும் மாட்ஃப்ளோ என்ற சாஃப்ட்வேரில் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால், "எவ்வளவு" கேள்விக்கு இது நன்றாகவே பதில் சொல்லும். பெரிய பரப்பு, நன்றாகப் பின்னிக்கிடக்கும் வெடிப்புகள், பல ஆண்டு நீர்மட்டப் பதிவு: இவை இருந்தால் இதைத் தாண்டிப் போகவே வேண்டாம். ஒரு மடிக்கணினியில் ஓடும். இன்னொருவர் உட்கார்ந்து ஒரே நாளில் சரிபார்த்துவிடலாம். அந்த வசதியைக் குறைவாக எடைபோடக் கூடாது. சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் மக்கிய மண்டலத்துக்கு ஒரு அடுக்கு, வெடிப்பு மண்டலத்துக்கு ஒரு அடுக்கு என்று இரண்டாகப் பிரித்தாலே பாதி உண்மை உள்ளே வந்துவிடும், ஏனென்றால் நம் பாறையில் சேமிப்பு மேலே, ஓட்டம் கீழே.

மறைந்திருக்கும் செலவு "எத்தனை நாளில்" என்று கேட்டவுடன் வெளியே வரும். மேலே போட்ட தலைமுடிக் கணக்கையே எடுங்கள். நீர்மட்டச் சரிவு நூறில் ஒன்று என்றால், ஒரு சதுர மீட்டர் பாறை வழியாக நாளைக்கு 0.7 லிட்டர் போகும். அந்த நீர் வெடிப்பில் மட்டும் போனால் வேகம் நாளைக்கு 7 மீட்டர். 200 மீட்டர் தள்ளி இருக்கும் கிணற்றுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். மாடலில் துளைமை 1 சதவீதம் என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றால் அதே நீர், அதே மட்டம், ஆனால் கழிவு வந்துசேர ஏறக்குறைய 8 ஆண்டு. நீர்மட்டத்தை வைத்து மாடலைச் சரிசெய்தவருக்கு இந்தத் தவறு கண்ணிலேயே படாது, ஏனென்றால் இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றுதான். இடையில் கழிவு பாறையின் நுண்துளைகளுக்குள் ஊறித் தாமதமாகலாம் என்பதும் உண்மை. சார்னோகைட்டில் அந்த ஊறல் குறைவு.

## வழி இரண்டு: இரட்டைத் துளைமை

அலுவலகத்தில் டூயல் போராசிட்டி என்றே சொல்வோம். 1960இல் பாரன்பிளாட்டும் உடன் இருவரும் சோவியத் நாட்டில் முன்வைத்தது. 1963இல் வாரனும் ரூட்டும் எண்ணெய்க்காரர்களுக்குப் பழக்கமாக்கியது. சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி வைத்தது போல ஒரு படம்: கட்டிக்குள் சேமிப்பு, கட்டிகளுக்கு இடையே ஓட்டம். கணக்குக்காகப் பாறையைப் பிரித்த ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு அழுத்தம், ஒன்று பாறைக்கு, ஒன்று வெடிப்புக்கு. இரண்டுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கலைச் சொல்ல ஒரு சூத்திரம்.

சரக்கு பாறைக்குள்ளும் ஓட்டம் வெடிப்பிலும் இருந்தால் இதற்கு நிகர் இல்லை. எக்கோஃபிஸ்க் போன்ற வயல்களில், வெடிப்பு வழியே நீரைச் செலுத்தினால் அது சுண்ணக்கல்லுக்குள் உறிஞ்சப்பட்டு எண்ணெயை வெளியே தள்ளுகிறது. அங்கே 1987இல் பெரிய அளவில் நீர் செலுத்தத் தொடங்கினார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் கதையே என்பதால், அதைத் தனியாக எழுதாத மாடல் அங்கே பயன்படாது.

மறைந்திருக்கும் செலவுகள் பல. முதலாவது, அந்தக் கொடுக்கல் வாங்கலின் வேகத்தைத் தீர்மானிக்கும் கட்டியின் வடிவ எண். ஒரே அளவுள்ள கனசதுரக் கட்டிக்கு வாரன்-ரூட் சூத்திரம் 60 என்கிறது, கசெமியின் 1976 சூத்திரம் 12 என்கிறது; இரண்டையும் கட்டியின் பக்க நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஐந்து மடங்கு வித்தியாசம்! சாஃப்ட்வேர் எதைப் பயன்படுத்துகிறது என்று கையேட்டைப் பார்க்காமல் யாராவது எண்ணைக் கொடுத்தால் பயப்படுங்கள். இரண்டாவது, தொடக்க நேரத்தில் கட்டியின் விளிம்பில் மட்டும் அழுத்தம் மாறும், நடுவில் மாறாது. ஒரு கட்டிக்கு ஒரே அழுத்தம் என்றால் அது தெரியாது. இதைச் சரிக்கட்டத்தான் புரூஸும் டி.என். நரசிம்மனும் 1985இல் கட்டியை வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அலுவலகப் பேச்சில் அது மிங்க். கட்டிக்குக் கட்டி நேரடியாகவும் நீர் போகும் என்றால் டூயல் பெர்மியபிலிட்டிக்குப் போக வேண்டும். கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து எண்ணெய் புவியீர்ப்பில் வடியும் இடங்களில் அது தேவை; கணினி நேரம் கூடும்.

மூன்றாவது செலவைச் சொந்த அனுபவத்தில் கற்றேன். இந்த வகைப் பாறையில் பம்ப் டெஸ்ட் எடுத்தால், அதாவது தொடர்ந்து இறைத்து நீர்மட்டம் இறங்குவதை அளந்தால், நேரத்தை லாகரிதத்தில் வைத்து வரையும் கோட்டில் இரண்டு இணைகோடுகள் தெரிய வேண்டும், நடுவில் ஒரு தட்டையான பகுதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையின் புறநகர் ஒன்றில் அப்படி ஒரு கோடு எனக்குக் கிடைத்தது. இரவு முழுக்க டேப்பை இறக்கி மட்டம் பார்த்திருந்தோம். அளவுகள் மாறாமல் இருந்த நடு இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. ஒமேகா (மொத்தச் சேமிப்பில் வெடிப்பின் பங்கு), லாம்டா (பாறையிலிருந்து வெடிப்புக்கு நீர் வரும் எளிமை) இரண்டையும் கணக்கிட்டு அறிக்கையில் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: அடுத்த தெருவில் ஒரு வீட்டு மோட்டார் பத்து மணிக்கு நின்று, காலை நாலரைக்கு மீண்டும் ஓடியிருக்கிறது. என் தட்டையான பகுதி அதுதான். பக்கத்து மோட்டார் இல்லாவிட்டாலும், மக்கிய மண்டலத்திலிருந்து நீர் மெதுவாக வடிந்து இறங்கினாலும் கோடு இப்படியே தட்டையாகும். அந்த ஒரு வளைவை மட்டும் வைத்துக்கொண்டு இரட்டைத் துளைமை என்று முடிவு செய்யாதீர்கள்.

## வழி மூன்று: தனித்தனி வெடிப்பு வலை

ஒவ்வொரு வெடிப்பையும் ஒரு தட்டாக வைத்து, அவை வெட்டிக்கொள்ளும் கோடுகள் வழியே நீரை ஓட்டுவது. டி.எஃப்.என். என்பார்கள். எந்த வெடிப்பு எங்கே என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது என்பதால், திசை, நீளம், அடர்த்தி, வாய் அகலம் ஆகியவற்றின் பரவலை வைத்துக் கணினி ஒரு வலையைக் குலுக்கிப் போடும். ஒரு வலை போதாது. நூறு வலை போட்டு விடைகளின் பரவலைப் பார்க்க வேண்டும்.

"எந்த வழியாக" என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது இது ஒன்றுதான். வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா இல்லையா என்பதே விடையை மாற்றும் இடங்களில் மற்ற மாடல்கள் பொய் சொல்லும். அடர்த்தி ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் ஆயிரம் வெடிப்பு இருந்தும் நீர் அந்தப் பக்கம் போகாது. சராசரி எடுக்கும் முறைகளில், எடுத்துக்காட்டாக ஓடாவின் 1985 முறையில், இந்தத் துண்டிப்பு தெரியவே தெரியாது. எல்லா வெடிப்பும் சேர்ந்திருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். ஸ்வீடனில் அணுக்கழிவைப் புதைக்க ஃபோர்ஸ்மார்க் பாறையை ஆராய்ந்தவர்கள் இந்த வழியைத்தான் பெரிதும் நம்பினார்கள். ஆழத் துளைகள் பல, துளைக்குள் படம், துளை நெடுக நீரோட்ட அளவு என்று பல ஆண்டு டேட்டா அவர்களிடம் இருந்தது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் டி.எஃப்.என்.வொர்க்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது, அதனால் சாஃப்ட்வேர் விலை இப்போது ஒரு காரணமே இல்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. துளையில் வெடிப்பின் திசை தெரியும், இடைவெளி தெரியும், நீளம் தெரியாது. நீளத்தைக் குவாரிச் சுவரிலிருந்தோ வெளிப்பட்ட பாறையிலிருந்தோ எடுக்க வேண்டும், அதுவும் சுவரின் அளவைத் தாண்டிய வெடிப்பு வெட்டுப்பட்டே தெரியும். வாய் அகலத்துக்குத் துளையைப் பகுதி பகுதியாக அடைத்து நீரை அழுத்திப் பார்க்க வேண்டும். அணை, சுரங்க வேலைகளில் லூஜான் சோதனை என்று செய்வார்களே, அதுதான்: 10 பார் அழுத்தத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் போனால் ஒரு லூஜான். அப்புறம் வலையைக் கட்டங்களாகப் பிரிப்பது. இரண்டு தட்டுகள் ஊசிமுனைக் கோணத்தில் வெட்டிக்கொண்டால் கட்டங்கள் சிதறும். ஒரு வாரம் அதிலேயே போய்விடும்.

ஒரு குடியிருப்புச் சங்கத்தினர் தங்களுக்கு வந்த அறிக்கையை என்னிடம் காட்டினார்கள். ஆயிரம் வண்ணத் தட்டுகள், சுழலும் முப்பரிமாணப் படம், பார்க்கவே ஜோராக இருந்தது. அடியில் டேட்டா என்று இருந்தவை மூன்று போர்கள். வாய் அகலம் எங்கிருந்து வந்தது என்று அறிக்கை எழுதிய ஆலோசகரிடம் கேட்டபோது, "ஒரு வெளிநாட்டுக் கட்டுரையில இருந்து சார்" என்றார். மூன்றாம் அடுக்கில் பெருகும் எண் அது. அந்தப் படத்தை வைத்து நான்காவது போருக்கு இடம் பார்ப்பதும் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பதும் எனக்கு ஒன்றாகவே பட்டது. தேங்காய் மலிவு.

## வழி நான்கு: பொதிந்த வெடிப்பு

பாறையைச் சாதாரணச் சதுரக் கட்டங்களாகவே வைத்துக்கொண்டு, பெரிய வெடிப்புகளை மட்டும் அந்தக் கட்டங்களுக்குள் ஊடுருவும் தட்டுகளாகச் செருகுவது. கட்டத்தை வெடிப்புக்கு ஏற்ப வளைக்க வேண்டாம். ஈ.டி.எஃப்.எம். என்ற பெயரில் புழங்குகிறது. சிறு வெடிப்புகளைப் பாறையோடு கரைத்து, நடுத்தரத்தையும் பெரியதையும் தனியே கையாளும் யோசனையை லீயும் உடன் இருவரும் 2001இல் எழுதினார்கள். 2008இல் லியும் லீயும் அதை எண்ணெய் வயல் அளவுக்கு விரித்தார்கள்.

எனக்குப் பிடித்த வழி இதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய பிளவுக்கோடுகள் நாலைந்து செயற்கைக்கோள் படத்திலும் புவி மின்தடை அளவிலும் தெரியும், மீதி வெடிப்புகள் தெரியாது என்பதுதான் நம் ஊர் நிலைமை. தெரிந்ததைத் தெரிந்தபடி வைத்து, தெரியாததைச் சராசரியாக்கும் முறை அதற்குப் பொருந்துகிறது. எம்.ஆர்.எஸ்.டி. என்ற இலவசக் கருவியில் இதற்கான பகுதி இருக்கிறது.

குறையும் உண்டு. முதலில் வந்த வடிவத்தில், நீரைத் தடுக்கும் வெடிப்பைக் காட்ட முடியாது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே பழைய இணைப்பு அப்படியே இருப்பதால், தட்டை அடைத்தாலும் நீர் சுவரைத் தாண்டிப் போய்விடும். தமிழகத்தின் கடினப் பாறைப் பகுதிகளில் பாறைக்குள் சுவர் போல ஊடுருவி நிற்கும் டோலரைட் கருங்கல் தடுப்புகள் நிலத்தடி நீரை ஒரு பக்கம் தேக்கி மறுபக்கம் வறட்சியாக விடுவதைக் கிணறு வெட்டுபவர்கள் நன்றாக அறிவார்கள். அங்கே 2017இல் வந்த திருத்திய வடிவம் வேண்டும். இன்னொன்று, "சராசரியாக்கும் சிறு வெடிப்பு" எது, "தனியே வைக்கும் பெரிய வெடிப்பு" எது என்று கோடு கிழிப்பது உங்கள் கை. கோட்டை நகர்த்தினால் விடையும் நகரும். நகர்த்திப் பார்த்ததை அறிக்கையில் எழுதாதவர்களே அதிகம்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஒற்றை ஊடகம் | இரட்டைத் துளைமை | தனி வெடிப்பு வலை | பொதிந்த வெடிப்பு |
|---|---|---|---|---|
| நன்றாகப் பதில் சொல்வது | எவ்வளவு | எவ்வளவு, எத்தனை நாளில் | எந்த வழியாக, எத்தனை நாளில் | பெரிய வெடிப்பு தெரிந்தால் மூன்றும் |
| சரக்கு இருக்க வேண்டிய இடம் | எங்கும் | பாறைக்குள் | வெடிப்புக்குள் | இரண்டிலும் |
| குறைந்தபட்ச டேட்டா | நீர்மட்டப் பதிவு, பம்ப் டெஸ்ட் | நீண்ட பம்ப் டெஸ்ட், பாறைத் துண்டுச் சோதனை | துளைப் படம், லூஜான், வெளிப்பாறை அளவு | பிளவுக்கோட்டு வரைபடம், பம்ப் டெஸ்ட் |
| மறைந்த செலவு | பயண நேரம் பல மடங்கு தவறலாம் | வடிவ எண், போலி வளைவு | நூறு ஓட்டம், கட்டம் பிரித்தல் | சிறிது பெரிது கோடு, தடுப்புச் சுவர் |
| வேண்டாம் என்பது | பக்கத்து வீட்டுக் கேள்வி | துளையற்ற அடிப்பாறை | மூன்றே போர் | எல்லா வெடிப்பும் ஒரே அளவு |

## கேட்ட மூவருக்கு

எம்.டெக். தம்பி "அண்ணா, டி.எஃப்.என். போட்டா வைவாவில மதிப்பு கூடும்ல?" என்றார். கூடலாம். அவரிடம் இருப்பது இரண்டு போர், ஒரு பம்ப் டெஸ்ட். அதனால் ஒற்றை ஊடகத்தை எடுத்து, துளைமையை மட்டும் பத்தாயிரத்தில் ஒன்று முதல் நூறில் ஒன்று வரை மாற்றி, பயண நேரத்தை ஒரு வரம்பாகக் கொடுக்கச் சொன்னேன். வரம்பு ஒரு மாதம் முதல் எட்டு ஆண்டு என்று வந்தால் அது அவமானம் இல்லை, அந்த டேட்டாவுக்கு அதுதான் உண்மை. வரம்பைச் சுருக்க வேண்டுமானால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது: ஒரு போரில் உப்பைக் கரைத்து ஊற்றி, மற்றதில் மெதுவாக இறைத்தபடி மின்கடத்துதிறன் மீட்டரை இறக்கி வைத்துக் காத்திருப்பது. உப்பு வந்துசேர்ந்த நாள் கையில் கிடைத்தால், ஓடும் நீரையும் தேங்கிய நீரையும் பிரிக்கும் இரட்டை முறை அப்போது பொருள்படும். குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

அடிப்பாறைக்காரருக்கு நிலைமை வேறு. காவிரிப் படுகையில் மாதானம் போன்ற இடங்களில் அடிப்பாறையின் வெடிப்புகளிலேயே எண்ணெய் கண்டிருக்கிறார்கள். அவர்கள் அலுவலக சிமுலேட்டரில் டூயல் போராசிட்டி ஒரு சொடுக்கில் வந்துவிடுகிறது, அதனால் எல்லோரும் அதையே போடுகிறார்கள். ஆனால் "பாறை" என்று சாஃப்ட்வேர் அழைக்கும் பகுதியில் சேமிப்பே இல்லை. அவருக்கு நான் சொன்னது: அந்தப் "பாறை" இடத்தில் நுண்வெடிப்புகள் நிறைந்த பகுதியை வையுங்கள், பெரிய பிளவுகளைப் பொதிந்த வெடிப்பாகச் செருகுங்கள். கிணற்றில் நீர் திடீரென்று ஏறும் நாள்தான் அவர்களுக்கு முக்கியம். அந்த நாளைப் பெரிய பிளவுகள் தீர்மானிக்கின்றன, கட்டிகள் அல்ல. உற்பத்திப் பதிவு இரண்டு மூன்று ஆண்டு சேர்ந்த பின் இரண்டு வழியையும் ஒட்டிப் பார்த்து ஒன்றைக் கைவிடலாம்.

குவாரி நண்பருக்குத்தான் அவசரம். சிக்கராயபுரம் குவாரிகளிலிருந்து 2017லும், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019லும் நகரத்துக்கு நீர் எடுத்ததை எல்லோரும் பார்த்ததால், இப்போது எந்தப் பள்ளத்தைக் கண்டாலும் பம்ப் வைக்கத் தோன்றுகிறது. அவரிடம் இருப்பது ஒரு பள்ளம், சுற்றிலும் கிணறுகள், கிராமத்தாரின் கோபம். இரண்டு அடுக்கு ஒற்றை ஊடகத்தில் பள்ளத்தை ஏரியாக வைத்துத் தொடங்கச் சொன்னேன். செயற்கைக்கோள் படத்தில் பள்ளத்திலிருந்து ஊர்ப்பக்கம் ஒரு கோடு ஓடுகிறது. அது பிளவா, பழைய வண்டித்தடமா என்று தெரிந்தால் மட்டும் அதைத் தனி வெடிப்பாகச் சேர்க்கலாம்.

தெரிந்துகொள்ள மாடல் தேவையில்லை. குவாரிக் காவலாளியிடம் ஒரு டேப்பும் ஒரு நோட்டும் கொடுத்து, பம்பை நிறுத்தும் நாளிலிருந்து தினம் காலை ஆறு மணிக்குப் பள்ளத்து மட்டத்தையும் அந்தக் கோட்டின் மேல் இருக்கும் இரண்டு கிணறுகளின் மட்டத்தையும், கோட்டை விட்டு விலகிய இரண்டு கிணறுகளின் மட்டத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறோம். பக்கத்தில் எந்த மோட்டார் எப்போது ஓடியது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.